ஆஸ்துமா குழந்தைக்கு இரண்டு இன்ஹேலர் மருந்து எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெண்ணுக்கு ஆஸ்துமா என்று தெரிந்தபோது அவளுக்கு நாலு வயது, இப்போது பதினொன்று. இந்த ஏழு வருடத்தில் டாக்டரிடம் கேட்டவை, கேட்கக் கூச்சப்பட்டு அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டவை, இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எத்தனை பஃப் என்பதை உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் எழுதிக் கொடுத்ததை ஏன் எழுதினார் என்று புரிந்துகொள்ள இது உதவும், அவ்வளவுதான்.

இளைப்பு வந்தால் ஒரு இன்ஹேலர் அடிக்கிறோம், சரியாகிவிடுகிறது. அப்புறம் எதற்கு இரண்டாவது மருந்து?

அப்படிச் சட்டென்று சரியாகிவிடுவதால்தான் நாம் ஏமாந்து போகிறோம். மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே மூன்று காரியம் நடக்கிறது: குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, குழாயின் உள்சுவர் வீங்குகிறது, கெட்டியான சளி மீதி வழியையும் அடைக்கிறது. சல்பூட்டமால் போன்ற உடனடி இன்ஹேலர் இதில் தசையை மட்டும்தான் தளர்த்தும். ஐந்து நிமிடத்தில் வேலை தெரியும், நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும், குழந்தை எழுந்து விளையாடப் போய்விடும். வீக்கம் அப்படியே இருக்கும். வீங்கிய குழாய் ஒரு தொட்டாற்சுருங்கி மாதிரி; தூசி, சளிக்காய்ச்சல், குளிர்ந்த காற்று, சில சமயம் வயிறு குலுங்கச் சிரித்தாலே கூடச் சுருங்கிக்கொள்ளும்.

அந்த வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர்: பியூடசோனைட், புளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் என்று பல பெயரில் வரும். இது மெதுவாக வேலை செய்கிற மருந்து. இன்றைக்கு அடித்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது, தினமும் அடித்து ஓரிரு வாரம் போன பிறகுதான் இரவு இருமல் குறைவது தெரியும், முழுப் பலன் தெரிய இன்னும் கொஞ்ச காலம் ஆகும். பலன் கண்ணுக்குத் தெரியாத மருந்தை நிறுத்துவதும், உடனே தெரிகிற மருந்தை அடித்துக்கொண்டே இருப்பதும் மனித சுபாவம். நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன்.

சேர்த்துக் கொடுப்பது என்றால் எந்த மருந்தை எதனோடு?

குழந்தைகளுக்கு அதிகம் எழுதப்படும் ஜோடி, ஸ்டீராய்டும் நீண்ட நேரம் வேலை செய்யும் விரிப்பானும். விரிப்பான் என்று நான் சொல்வது மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் மருந்தை. சல்பூட்டமால் குறுகிய நேர விரிப்பான். சால்மெட்டெராலும் ஃபார்மோட்டெராலும் ஏறக்குறைய 12 மணி நேரம் தாங்கும் நீண்ட நேர விரிப்பான்கள். புளூட்டிகசோனும் சால்மெட்டெராலும் ஒரே இன்ஹேலரில் வரும், பியூடசோனைடும் ஃபார்மோட்டெராலும் இன்னொன்றில் வரும்.

இந்த இரண்டு ஜோடியும் ஒன்றுதானே என்று நினைத்துவிடாதீர்கள். ஃபார்மோட்டெரால் ஒன்று முதல் மூன்று நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும், சால்மெட்டெராலுக்குப் பத்து இருபது நிமிடம் ஆகும். அதனால் சால்மெட்டெரால் இருக்கிற இன்ஹேலரை மூச்சுத் திணறும் நேரத்தில் அவசரத்துக்கு அடிக்கவே கூடாது. இந்தச் சின்ன வித்தியாசம் இன்னும் சில கேள்விகளில் திரும்ப வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு டோஸையே கொஞ்சம் கூட்டிவிட்டால் ஆகாதா? புதிதாக ஒரு மருந்தை ஏன் நுழைக்க வேண்டும்?

இது நியாயமான கேள்விதான், ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே கேள்வி இருந்தது. குறைந்த டோஸ் புளூட்டிகசோனில் கட்டுப்படாத, 6 முதல் 17 வயது வரையான 182 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2010 இல் முடிவு வெளிவந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வழியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள்: ஸ்டீராய்டைக் கூட்டுவது, நீண்ட நேர விரிப்பானைச் சேர்ப்பது, மாண்டெலுகாஸ்ட் மாத்திரையைச் சேர்ப்பது. விரிப்பானைச் சேர்த்தபோதுதான் அதிகக் குழந்தைகளுக்கு நல்ல பலன். ஆனால் ஸ்டீராய்டைக் கூட்டியபோது நன்றாக இருந்த குழந்தைகளும் உண்டு, மாத்திரையில் தேறியவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒத்து வந்தது நம் குழந்தைக்கு ஒத்து வராமல் போவதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஸ்டீராய்டைக் கூட்டிக்கொண்டே போவதில் ஒரு கட்டத்துக்கு மேல் லாபமும் இல்லை. பலனில் பெரும்பகுதி குறைந்த டோஸிலேயே கிடைத்துவிடுகிறது, டோஸ் ஏற ஏறப் பக்கவிளைவுதான் கூடுகிறது. சளி பிடித்ததும் ஐந்து மடங்காக ஏற்றினால் தாக்குதலைத் தடுக்கலாமா என்று 5 முதல் 11 வயதுக் குழந்தைகளிடம் சோதித்ததில் (2018 இல் வெளியானது) தாக்குதல் குறையவில்லை.

இரண்டு மருந்தும் ஒன்றுக்கொன்று சண்டை போடாதா?

இல்லை, கைகொடுக்கும். விரிப்பான் போய் உட்காரும் ஏற்பிகள் தசை செல்களின் மேல் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையைக் கூட்ட ஸ்டீராய்டு உதவுகிறது. ஸ்டீராய்டு செல்லின் கருவுக்குள் போய் வேலை செய்ய விரிப்பான் உதவுகிறது. சோதனைக்கூடத்தில் கண்ட விஷயம் இது, ஜோடி ஏன் ஒத்துப் போகிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

நீண்ட நேர விரிப்பானை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஸ்டீராய்டே வேண்டாமே?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவில் 1996 இல் தொடங்கிய ஒரு பெரிய சோதனையில், 12 வயதுக்கு மேற்பட்ட 26,000 பேருக்கு அதிகமானோரில் பாதிப் பேருக்கு அவர்கள் வழக்கமாக எடுக்கும் மருந்தோடு சால்மெட்டெராலும், மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்தார்கள். 28 வாரத்தில் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெட்டெரால் பக்கம் 13 பேர், போலி மருந்துப் பக்கம் 3 பேர். இத்தனை ஆயிரம் பேரில் சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் அலட்சியம் செய்ய முடியாது. அதில் பலர் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்காதவர்கள். ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம், விரிப்பான் அறிகுறியை மறைத்துவிடுகிறது என்பது. குழாய் திறந்தே இருப்பதால் குழந்தை நன்றாக இருப்பதாகத் தெரியும், உள்ளே வீக்கம் யாரும் கவனிக்காமல் வளர்ந்துகொண்டிருக்கும், ஒரு நாள் விரிப்பானாலும் சமாளிக்க முடியாத அளவுக்குப் போய்விடும்.

இதனால் 2003 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சால்மெட்டெராலின் விவரத் தாளில் கறுப்புப் பெட்டிக்குள் எச்சரிக்கை போட வைத்தது, மருந்துக்குப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை அதுதான். எச்சரிக்கை ஸ்டீராய்டோடு சேர்ந்து வரும் இன்ஹேலர்களுக்கும் வந்துவிட்டதால் பெற்றோர் மட்டுமில்லை, டாக்டர்களும் தயங்கினார்கள். அப்புறம் அந்த நிர்வாகமே கேட்டுக்கொண்டதன் பேரில் சேர்மான இன்ஹேலர்களைத் தனியாகச் சோதித்தார்கள். அதில் ஒன்று 4 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கானது, 6,208 பேர். புளூட்டிகசோனும் சால்மெட்டெராலும் சேர்த்து எடுத்தவர்களில் 27 பேருக்கும், புளூட்டிகசோன் மட்டும் எடுத்தவர்களில் 21 பேருக்கும் கடுமையான ஆஸ்துமாச் சிக்கல் வந்தது, கணக்குப்படி அது வித்தியாசமே இல்லை. யாரும் இறக்கவில்லை. 2016 இல் இது வெளியானது, 2017 டிசம்பரில் சேர்மான இன்ஹேலர்கள் மேலிருந்த கறுப்புப் பெட்டி நீக்கப்பட்டது. தனியாக வரும் நீண்ட நேர விரிப்பானுக்கு அது இன்னும் இருக்கிறது.

ஸ்டீராய்டும் விரிப்பானும் ஒரே டப்பாவில் இருப்பதில் எனக்குப் பிடித்த விஷயமும் இதுதான். பிள்ளை ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றைத் "மறந்துவிட" முடியாது.

என் பையனுக்கு எப்போதாவதுதான் இளைப்பு வரும். சல்பூட்டமால் மட்டும் கையில் இருந்தால் போதும் தானே?

முன்பெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் பார்க்கும் ஜினா வழிகாட்டி 2019 இல் அதை மாற்றியது: 12 வயதுக்கு மேல் யாருக்கும் சல்பூட்டமால் மட்டும் வைத்துச் சிகிச்சை வேண்டாம், ஏதோ ஒரு வடிவத்தில் ஸ்டீராய்டு கூடவே போக வேண்டும் என்றது. லேசான ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் திடீரென்று கடுமையான தாக்குதல் வருகிறது என்பதுதான் காரணம். 6 முதல் 11 வயதுக்கு, சல்பூட்டமால் அடிக்கும்போதெல்லாம் ஸ்டீராய்டு இன்ஹேலரையும் கூடவே அடிப்பது ஒரு வழி, குறைந்த டோஸ் ஸ்டீராய்டைத் தினமும் எடுப்பது இன்னொரு வழி.

லேசான ஆஸ்துமா இருந்த 288 குழந்தைகளிடம் நடந்து 2011 இல் வெளிவந்த சோதனையில் தினசரி ஸ்டீராய்டுதான் தாக்குதலை அதிகம் தடுத்தது. தேவைப்படும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து அடித்தவர்கள், வெறும் விரிப்பான் அடித்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். 2025 இல் நியூசிலாந்திலிருந்து இன்னொன்று வந்தது: 5 முதல் 15 வயது வரையான 360 குழந்தைகள், ஒரு வருடம், தேவைப்படும்போது பாதிப் பேருக்கு சல்பூட்டமால், பாதிப் பேருக்கு பியூடசோனைட்-ஃபார்மோட்டெரால். சேர்மானம் அடித்தவர்களுக்குத் தாக்குதல் 45 சதவீதம் குறைவு.

இங்கிலாந்தில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014 இல் ஓர் அறிக்கை வந்தது. இறந்தவர்களில் உடனடி இன்ஹேலர் எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேர் ஒரே வருடத்தில் 12 இன்ஹேலருக்கு மேல் வாங்கியிருந்தார்கள். மாதம் ஒன்றுக்கு மேல்! அந்த இன்ஹேலர் அவர்களைக் கொன்றது என்று சொல்ல வரவில்லை. அடிக்க அடிக்க நிவாரணம் கிடைத்ததில், நோய் கையை மீறிப் போவது யார் கண்ணிலும் படவில்லை. என் கணக்கு எளிமையானது: 200 பஃப் இருக்கிற சல்பூட்டமால் வருடத்துக்கு மூன்று தீர்ந்தால் அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்கப் போய்விடுவேன்.

தினசரிக்கும் அவசரத்துக்கும் ஒரே இன்ஹேலர் என்று டாக்டர் சொன்னார். சரியாகத்தான் காதில் விழுந்ததா?

சரிதான். பியூடசோனைட்-ஃபார்மோட்டெரால் இன்ஹேலரால் அது முடியும், ஏனென்றால் ஃபார்மோட்டெரால் உடனேயும் வேலை செய்யும், நீண்ட நேரமும் தாங்கும். காலையோ இரவோ வழக்கமான பஃப், நடுவில் இளைப்பு வந்தால் அதே இன்ஹேலரில் ஒரு பஃப். ஒவ்வொரு முறை விரிப்பான் போகும்போதும் கொஞ்சம் ஸ்டீராய்டும் கூடவே போகிறது, அதாவது சளி பிடித்து நிலைமை மோசமாகும் நாட்களில் யாரும் உட்கார்ந்து கணக்குப் போடாமலே ஸ்டீராய்டு தானாகக் கூடிவிடுகிறது. 4 முதல் 11 வயது வரையான 341 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2006 இல் வெளியிட்டதில், வழக்கமான முறைகளைவிடத் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

உச்சவரம்பு உண்டு. 6 முதல் 11 வயதுக்கு ஒரு நாளில் மொத்தம் 8 பஃப், 12 வயதுக்கு மேல் 12 பஃப் என்று ஜினா சொல்கிறது, தினசரி பஃபும் அதில் அடக்கம். அந்த வரம்பை நெருங்குகிற நாள் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள். பல நாடுகளில் 12 வயதுக்குக் கீழ் இந்த முறைக்கு உரிமம் கிடையாது, அதனால் உங்கள் டாக்டர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், சால்மெட்டெரால் ஜோடியை வைத்து இதைச் செய்ய முடியாது. இரண்டு டப்பாவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம், நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள்.

வீட்டில் நன்றாக இருக்கிறாள், ஓடினால் மட்டும் இளைக்கிறது. இதுவும் ஆஸ்துமாதானா?

பெரும்பாலும் ஆமாம். என் பெண்ணிடம் நான் முதலில் கவனிக்கத் தவறியது இதைத்தான். ஓடும்போது ஒன்றும் ஆகாது, முதல் ஆளாகவே ஓடுவாள். ஓட்டம் முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கும்போது இவள் கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நிற்பாள், வறட்டு இருமல் ஒன்று தொடங்கும், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டத்தால் வரும் சுருக்கம் ஓடி நின்ற பிறகு ஐந்து பத்து நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேகமாக வாயால் மூச்சு வாங்கும்போது குழாயின் உள்சுவரிலிருக்கும் ஈரம் வற்றுகிறது, அங்கே உப்பின் அடர்த்தி ஏறுகிறது, உள்சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமைச் செல்கள் தசையை இறுக்கும் பொருட்களைக் கொட்டுகின்றன. குளிர்ந்த, வறண்ட காற்றில் இது இன்னும் மோசம். நீச்சல் குளத்தில் ஈரக் காற்று இருப்பதால் பலருக்கு இளைப்பு குறைவு, குளோரின் வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு கதை.

ஓடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் சல்பூட்டமால் அடித்தால் இரண்டு முதல் நாலு மணி நேரம் வரை பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் தினமும் விளையாட்டு, தினமும் முன்கூட்டியே பஃப் என்று போனால் உடம்பு பழகி அந்தப் பாதுகாப்பே மங்கத் தொடங்கும். அந்த இடத்தில்தான் சேர்க்கை வேண்டும்: தினமும் ஸ்டீராய்டு, ஓட்டத்துக்கு முன்னால் விரிப்பான். ஸ்டீராய்டு சில வாரம் தொடர்ந்து போனால் பல குழந்தைகளுக்கு முன்கூட்டி அடிக்கும் தேவையே குறைந்துவிடும். ஓட்டத்துக்காகவென்று நீண்ட நேர விரிப்பானை மட்டும் தினமும் கொடுப்பது இங்கேயும் கூடாது. விளையாட்டுக்கு முன் கொஞ்சம் விட்டு விட்டு உடம்பைச் சூடாக்கிக்கொள்வதும் உதவும், அது இனாம்.

ஒரு காலத்தில் ஓட்டத்துக்கு முன் சோடியம் குரோமோகிளைக்கேட் என்ற மருந்தை விரிப்பானோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ரோஜர் ஆல்டூன்யன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது. அவரே ஆஸ்துமாக்காரர், வேண்டுமென்றே தனக்கு இளைப்பை வரவழைத்துக்கொண்டு ஒவ்வொரு மருந்தாகச் சோதித்துப் பார்த்தவர். இன்றைக்கு அந்த இன்ஹேலரைப் பார்ப்பதே அரிது, இருந்தாலும் அந்த மனிதரை நினைக்காமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டும் தனித்தனி இன்ஹேலராக இருந்தால் எதை முதலில் அடிப்பது?

விரிப்பானை முதலில் அடித்து, சில நிமிடம் விட்டு ஸ்டீராய்டு என்பது பழைய வழக்கம். குழாய் திறந்தால் ஸ்டீராய்டு உள்ளே வரை போகும் என்று கணக்கு. இளைப்பு இருக்கும்போது அப்படிச் செய்யுங்கள். குழந்தை நன்றாக இருக்கும் நாளில் ஸ்டீராய்டு மட்டும் போதும், அதற்காக சல்பூட்டமாலை முன்னால் சேர்க்க வேண்டியதில்லை. ஒரே டப்பாவில் இரண்டும் இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

தவறாமல் அடித்தும் பலன் இல்லை. மருந்தை மாற்ற வேண்டுமா?

முதலில் அடிக்கும் விதத்தைப் பாருங்கள். எங்களுக்கு நடந்தது இது. ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் கொடுத்தும் இரவு இருமல் நிற்கவில்லை, டோஸை ஏற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று போனேன். அங்கிருந்த நர்ஸ், "வீட்டில் எப்படிக் கொடுப்பீர்களோ அப்படியே செய்து காட்டுங்கம்மா" என்றார். செய்தேன். ஸ்பேசர் என்றால் இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் கூடு; அதில் ஒரு சின்ன வால்வு இருக்கும், குழந்தை மூச்சை இழுக்கும்போது அது அசைய வேண்டும். அசையவே இல்லை. மாஸ்க்கின் ஓரம் கன்னத்தில் சரியாக ஒட்டாமல் மூக்கோரம் ஒரு விரல்கடை இடைவெளி, அது வழியாக வெளிக்காற்றைத்தான் ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தாள். மருந்து ஸ்பேசரின் சுவரில் படிந்துகொண்டிருந்தது. டோஸ் மாறவில்லை, மாஸ்க் மட்டும் மாறியது, மூன்று வாரத்தில் இருமல் போயிற்று.

நன்றாகக் குலுக்கி, ஒரு தடவைக்கு ஒரு பஃப் மட்டும் அடியுங்கள். இரண்டு மூன்று பஃபைச் சேர்த்து அடித்துவிட்டு இழுக்கச் சொன்னால் துகள்கள் ஒட்டிக்கொண்டு பாதி வீணாகும். சின்னக் குழந்தை என்றால் சாதாரணமாக ஐந்து ஆறு மூச்சு, பெரிய பிள்ளை என்றால் மெதுவாக ஒரே நீண்ட மூச்சு இழுத்துப் பத்து வினாடி அடக்க வேண்டும். அரை நிமிடம் விட்டு மறுபடியும் குலுக்கி அடுத்த பஃப். அழுகிற குழந்தைக்கு மருந்து நுரையீரலுக்குப் போகவே போகாது, அழுகை நிற்கட்டும். பவுடர் இன்ஹேலர் நேர் எதிர்: அதைப் பலமாக, வேகமாக இழுக்க வேண்டும், ஆறு வயதுக்குக் கீழ் பெரும்பாலானவர்களுக்கு அந்த இழுப்பு வராது. இரண்டு வகையையும் கலந்து எழுதிக் கொடுத்தால் பிள்ளை குழம்பும், முடிந்தால் ஒரே வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

பிளாஸ்டிக் ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவர் இழுத்துக்கொள்ளும்.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. வளர்ச்சி நின்றுவிடுமா?

நிற்காது. கொஞ்சம் குறையும் என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. 5 முதல் 13 வயதில் பியூடசோனைட் தொடங்கி நாலு வருடத்துக்கு மேல் தினமும் எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்ததில், போலி மருந்து எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 செண்டிமீட்டர் உயரம் குறைவாக இருந்தார்கள். அந்தக் குறைவு ஆரம்ப இரண்டு வருடத்தில் விழுந்தது, வருடா வருடம் கூடிக்கொண்டே போகவில்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைத் தின்னும், தாக்குதலுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு இதைவிடப் பல மடங்கு அதிகமாக உடம்பில் கலக்கும். ஒரு செண்டிமீட்டருக்காக நான் அந்தப் பந்தயத்துக்குப் போக மாட்டேன். சேர்மான மருந்தின் ஒரு லாபமே, விரிப்பான் பாதி பாரத்தைத் தாங்குவதால் ஸ்டீராய்டைக் குறைந்த டோஸிலேயே வைத்திருக்க முடிகிறது என்பது.

அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை படரும், குரல் கம்மும். மாஸ்க் வைத்தால் முகத்தையும் துடைத்துவிடுங்கள்.

விரிப்பான் அடித்ததும் கை நடுங்குகிறது, குதித்துக்கொண்டே இருக்கிறான்.

வழக்கமானதுதான், நெஞ்சும் படபடவென்று அடிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அதிகமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசரில் இரண்டு மருந்து கலந்து வைத்தார்கள். வீட்டிலும் அப்படிச் செய்யலாமா?

அவர்கள் கலந்தது அநேகமாக சல்பூட்டமாலும் இப்ராட்ரோபியமும். இப்ராட்ரோபியம் வேறொரு நரம்பு வழியாகத் தசையைத் தளர்த்தும். மிதமான அல்லது கடுமையான தாக்குதலில் முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் படுக்கையில் சேர்க்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை குறைகிறது. வார்டில் சேர்த்த பிறகு தொடர்ந்து கொடுப்பதால் பெரிய பலன் இல்லை, அதனால் மறுநாள் நிறுத்திவிட்டார்களே என்று பதற வேண்டாம். இந்த மருந்தின் புகை கண்ணில் பட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கலாம், மாஸ்க் இறுக்கமாக இருக்கட்டும்.

வீட்டுக்கு? டாக்டர் எழுதிக் கொடுக்காமல் எதையும் எதனோடும் கலக்காதீர்கள். பியூடசோனைட் திரவத்தை அல்ட்ராசானிக் நெபுலைசரில் போட்டால் மருந்து சரியாக வெளியே வராது, ஜெட் வகைதான் வேண்டும். அப்புறம் ஒரு விஷயம், சாதாரண தாக்குதலுக்கு ஸ்பேசரும் பஃபும் நெபுலைசருக்குச் சளைத்தது இல்லை. சத்தம் போடும் மெஷின்தான் பெரிய வைத்தியம் என்ற எண்ணத்தை விட எனக்கும் கொஞ்ச காலம் பிடித்தது.

குழந்தைக்கு மூன்று வயதுதான். சேர்மான இன்ஹேலர் கொடுக்கலாமா?

நாலு வயதுக்குக் கீழ் நீண்ட நேர விரிப்பானைப் பற்றிய ஆராய்ச்சி மிகக் குறைவு, அதனால் பொதுவாகக் கொடுப்பதில்லை. அந்த வயதில் வைரஸ் சளியால் வரும் இளைப்பு அதிகம், அதில் எல்லாம் ஆஸ்துமாவாக முடிவதில்லை. தேவைப்பட்டால் தினசரி ஸ்டீராய்டு, இளைப்புக்கு சல்பூட்டமால், இரண்டும் மாஸ்க் வைத்த ஸ்பேசரில்.

மாண்டெலுகாஸ்ட் மாத்திரை எளிது. அதையே சேர்த்துக்கொண்டால்?

சிலருக்கு உதவும், பொதுவாக இன்ஹேலர் ஸ்டீராய்டைவிட வலு குறைவு. மனநிலை மாற்றம், கெட்ட கனவு, எரிச்சல் போன்றவற்றுக்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 இல் அதற்குக் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை போட்டது. கொடுத்தால் தூக்கத்தையும் நடத்தையையும் கவனியுங்கள்.

எப்போது இன்ஹேலரை நம்பி வீட்டில் உட்காராமல் கிளம்ப வேண்டும்?

ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினால், விலா எலும்புகளுக்கு நடுவிலும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், குழந்தை சோர்ந்து தூங்கி வழிந்தால், விரிப்பான் அடித்தும் கேட்காவிட்டால், அல்லது கேட்டது மூன்று நாலு மணி நேரம்கூடத் தாங்காவிட்டால் கிளம்புங்கள். வீசிங் சத்தம் திடீரென்று அடங்கிப்போய் குழந்தை மட்டும் திணறிக்கொண்டே இருந்தால் அது நல்ல செய்தி இல்லை, காற்றே போகவில்லை என்று அர்த்தம். போகும் வழியிலும் ஸ்பேசரோடு விரிப்பானை அடித்துக்கொண்டே போகலாம். எத்தனை பஃப், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பதை நன்றாக இருக்கும் நாளிலேயே டாக்டரிடம் காகிதத்தில் எழுதி வாங்கி, ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்திலும் கொடுத்துவிடுங்கள்.

இப்போது நன்றாக இருக்கிறாள். எப்போது நிறுத்தலாம்?

மூன்று மாதம் இரவு இருமல் இல்லை, ஓட்டத்தில் தடை இல்லை, சல்பூட்டமால் எடுக்கவே இல்லை என்றால் டோஸைக் குறைப்பது பற்றிப் பேசலாம். படிப்படியாகத்தான், அதுவும் சளி சீசன் நடுவில் வேண்டாம். சேர்மானத்திலிருந்து இறங்கும்போது எதை முதலில் குறைப்பது என்பது டாக்டர் முடிவு. ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு விரிப்பானை மட்டும் வைத்துக்கொள்வது மட்டும் எந்தக் கட்டத்திலும் கிடையாது.

இன்ஹேலர் காலியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம், அது நம்ப முடியாத சோதனை. குலுக்கினால் சத்தம் வருவதும் ஆதாரமில்லை, மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மட்டும் கொஞ்ச நேரம் புஸ்ஸென்று வந்துகொண்டிருக்கும். எண் காட்டும் இன்ஹேலர் என்றால் எண்ணைப் பாருங்கள். இல்லையா, கணக்குப் போடுங்கள்: 120 பஃப் இன்ஹேலர், காலையில் இரண்டு, இரவு இரண்டு என்றால் சரியாக 30 நாள். திறக்கும் அன்றைக்கே முடியும் தேதியை மார்க்கரால் பிளாஸ்டிக் கூட்டின் மேல் எழுதிவிடுவேன், என் பெண் அதற்குப் பக்கத்தில் ஒரு பூ வரைந்துவைப்பாள்.